எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்: காற்று, புகை, மின்சாரம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாடு–ஆந்திர எல்லையில் இருக்கும் ஆரம்பாக்கம் சோதனைச் சாவடிக்கு இரண்டு பக்கமும் தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. கும்மிடிப்பூண்டி, எளாவூர், மாதர்பாக்கம் இந்தப் பக்கம். தடா, சூலூர்பேட்டை, சத்தியவேடு அந்தப் பக்கம். கிராம சபையிலும் டீக்கடையிலும் பள்ளி வாசலிலும் மக்கள் எங்களிடம் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். எங்களுக்குக் கட்சி எதுவும் கிடையாது. இதே காற்றைச் சுவாசிக்கிற உள்ளூர்க்காரர்கள்தான் நாங்கள்.

புகை எல்லா ஊரிலும்தான் இருக்கிறது. எல்லையோர ஊர்களுக்கு மட்டும் தனியாக என்ன பிரச்சினை?

1960 ஏப்ரல் 1 அன்று சத்தியவேடு சுற்றுவட்டாரம் அன்றைய சென்னை மாநிலத்திலிருந்து ஆந்திராவுக்குப் போனது, திருத்தணி இங்கே வந்தது. அதற்குப் பிறகும் பெண் கொடுப்பதும் எடுப்பதும், சந்தைக்குப் போவதும் வருவதும் பழையபடியேதான் நடக்கின்றன. புகையும் அப்படித்தான் போகிறது, வருகிறது. அரசு அலுவலகங்களின் அதிகாரம்தான் கோட்டோடு நின்றுவிடுகிறது.

எல்லையோரத்தில் புகார் கொடுத்த பலருக்கும் இந்த அனுபவம் உண்டு. ஒரு அலுவலகத்தில் “ஆலை அந்த மாநிலத்தில் இருக்கிறது, எங்களால் ஒன்றும் செய்ய முடியாது” என்பார்கள். மறு அலுவலகத்தில் “உங்கள் ஊர் எங்கள் மாநிலத்தில் இல்லையே” என்பார்கள். இரண்டு பதிலும் சரியில்லை. காற்று மாசு தடுப்புச் சட்டம் 1981-இல் வந்த மத்தியச் சட்டம், இரண்டு மாநிலத்துக்கும் அதே சட்டம்தான். தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வும் இரண்டுக்கும் பொது, அது சென்னையில் இருக்கிறது. அதனால் எல்லையோரத்தில் கொடுக்கிற எந்தப் புகாரும் முதல் நாளே இரண்டு மாநிலத்துக்கும் போக வேண்டும். இந்தத் தொகுப்பு முழுக்க நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்லப் போவது இதைத்தான்.

புகை எங்கிருந்து வருகிறது? ஆளாளுக்கு ஒரு பக்கம் கை காட்டுகிறார்களே.

எல்லோரும் கை காட்டுவது சரியாகவே இருக்கலாம். மாதத்துக்கு மாதம், ஏன் மணிக்கு மணி, பதில் மாறும். மார்ச் முதல் மே வரை தெற்கத்திக் காற்று அடிக்கும்போது கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கத்துப் புகை வடக்கே எளாவூர், ஆரம்பாக்கம், தடா வரை ஏறும். ஜூனில் மேல்காற்று தொடங்கினால் சத்தியவேடு பக்கத்துப் புகை கிழக்கே இறங்கும். ஐப்பசிக்குப் பிறகு வாடை வீசும்போது எல்லாம் தலைகீழ், வடக்கே ஆந்திரப் பக்கம் கிளம்புவது நம் வீட்டுக்குள் வரும்.

இதற்கு மேல் கடற்காற்று வேறு. மத்தியானத்துக்கு மேல் கடலில் இருந்து காற்று உள்ளே வீசத் தொடங்கியதும், எண்ணூர், அத்திப்பட்டு, வல்லூர் அனல்மின் நிலையங்களின் புகைபோக்கிப் புகை மேற்கே மீஞ்சூர், பொன்னேரி பக்கமாக உள்நாட்டுக்குத் திரும்பும்.

“ராத்திரியிலும் விடியற்காலையிலும்தான் நாற்றம் தாங்க முடியவில்லை, பகலில் ஒன்றும் தெரியவில்லை” என்று நிறைய பேர் சொல்கிறார்கள். இதற்கு இரண்டு காரணம். இரவில் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடும். அதை ஒட்டிய காற்றும் குளிரும், மேலே இருக்கிற காற்று அதைவிடச் சூடாக இருக்கும். அப்போது புகை மேலே ஏற முடியாமல் கூரை உயரத்திலேயே தங்கிவிடும். இது இயற்கை. இரண்டாவது காரணம் மனிதர் செய்வது. புகையைப் பிடிக்கும் கருவியின் விசிறியை ஓட்ட மின்சாரம் செலவாகும். பார்க்க ஆள் இல்லாத நேரத்தில் அதை நிறுத்திவிடுகிற ஆலைகளும் உண்டு. இந்த இரண்டில் எது என்று பிரித்துச் சொல்ல, நேரத்தைக் குறித்து வைத்தால்தான் முடியும்.

மொட்டை மாடியில் தினமும் கருப்புத் தூசி. எந்த ஆலையில் இருந்து வருகிறது என்று வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா?

ஆலையின் பெயர் வரை போக முடியாது, எந்த வகை ஆலை என்று ஓரளவு ஊகிக்கலாம். தண்ணீர்த் தொட்டி மூடியை இரவு துடைத்துவிட்டு, காலையில் அதன்மேல் விழுந்திருக்கும் தூசியை வெள்ளைத் தாளில் தட்டிச் சேருங்கள். ஒரு சின்ன காந்தத்தை பிளாஸ்டிக் கவரில் போட்டு அதன்மேல் மெதுவாக நகர்த்துங்கள். துகள் நிமிர்ந்து எழுந்து கவரில் அப்பினால், அதில் இரும்பு இருக்கிறது. இரும்புக் கழிவை உருக்குகிற உலை, கம்பி இழுக்கிற ரோலிங் மில் பக்கம் சந்தேகப்படலாம். காந்தத்துக்கு அசையாமல், ஈர விரலால் தேய்த்தால் எண்ணெய்ப் பசையோடு கருப்பாக இழுத்துக்கொண்டு போனால், பழைய டயரை உருக்கி எண்ணெய் எடுக்கும் ஆலையின் கரியாக இருக்க வாய்ப்பு அதிகம். வெளிர் சாம்பல் நிறத்தில், விரலுக்கு நடுவே மைதா மாவு போல வழுக்கினால் நிலக்கரிச் சாம்பல். அந்தச் சாம்பலிலும் கொஞ்சம் காந்தத்தில் ஒட்டும், எனவே நிறத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

இதை வைத்து யார்மீதும் குற்றம் சாட்டிவிட முடியாது. ஆனால் தேதி எழுதிய சிறு பொட்டலங்களாக எடுத்து வைத்து, ஆய்வுக்கு வரும் பொறியாளரிடம் கொடுத்தால், அவர் எங்கே முதலில் போக வேண்டும் என்பது அவருக்குப் புரியும். வற்றல், வடகம் காயவைக்கிற பெண்கள்தான் இதில் எங்களைவிடக் கெட்டிக்காரர்கள். மோர் மிளகாயில் எந்த நாளில் எந்தக் கறை விழுந்தது என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

செல்போன் செயலியில் ‘திருப்திகரம்’ என்று காட்டுகிறது. ஆனால் மூக்கு எரிகிறது. எதை நம்புவது?

மூக்கையும் நம்புங்கள். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர் செயலியில், கும்மிடிப்பூண்டி அந்தோணி பிள்ளை நகரில் உள்ள நிலையத்தின் அளவைப் பார்க்கலாம். ஆந்திரப் பக்கம் திருப்பதியிலும் சித்தூரிலும் நிலையங்கள் உண்டு. காற்றுத் தரக் குறியீடு 50 வரை நன்று, 100 வரை திருப்திகரம், 200 வரை மிதம், 300 வரை மோசம், 400 வரை மிக மோசம், அதற்கு மேல் கடுமை.

இந்தக் குறியீட்டில் துகள் அளவு 24 மணி நேரச் சராசரியாகத்தான் கணக்காகிறது. ராத்திரி இரண்டு மணி நேரம் கண் திறக்க முடியாமல் புகை சூழ்ந்திருந்தாலும், மீதி 22 மணி நேரத்தோடு சேர்த்து வகுத்தால் கரைந்துவிடும். டயர் ஆலை நாற்றத்துக்குக் காரணமான பல வாயுக்கள் குறியீட்டில் சேரவே சேராது. அதோடு, ஒரு நிலையம் சொல்வது அதைச் சுற்றியுள்ள காற்றைப் பற்றித்தான். பாதிரிவேட்டில் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நுண்துகள் பி.எம். 2.5-க்கு இந்தியா வைத்திருக்கும் ஆண்டுச் சராசரி வரம்பு ஒரு கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்னது 5. எனவே ‘வரம்புக்குள் இருக்கிறது’ என்று யாராவது சொன்னால், யாருடைய வரம்பு என்று கேளுங்கள்.

தேசிய தூய காற்றுத் திட்டம் 2019-இல் தொடங்கியது. அதில் நெல்லூர், சித்தூர், சென்னை எல்லாம் இருக்கின்றன. அது நகரங்களுக்கான திட்டம், நடுவில் கிடக்கிற எங்கள் கிராமங்கள் அதில் வராது. இது மாற வேண்டும் என்பது எங்கள் முக்கியமான கோரிக்கை. காற்றை ஒரு நகராட்சி எல்லைக்குள் வைத்துச் சுத்தம் செய்துவிட முடியாது.

டயரை உருக்கி எண்ணெய் எடுக்கிறார்களே, அது சட்டப்படி சரியா?

அனுமதி வாங்கி, விதிப்படி செய்தால் சட்டம் தடுப்பதில்லை. பழைய டயரைக் காற்றுப் படாமல் கலனில் அடைத்து, 400 முதல் 500 டிகிரி வரை சூடாக்குவார்கள். எண்ணெய், கரித்தூள், இரும்புக் கம்பி, எரிவாயு நான்கும் பிரியும். எண்ணெய் சூளைகளுக்கும் கொதிகலன்களுக்கும் எரிபொருளாகப் போகும்.

தவறு நடப்பது பெரும்பாலும் கலனைத் திறக்கும்போது. நன்றாக ஆறவிட்டு, மூடிய வழியில் கரியை எடுக்க வேண்டும். அடுத்த லோடை சீக்கிரம் ஏற்ற வேண்டும் என்ற அவசரத்தில் சூட்டோடு திறந்து வாரினால், கரித்தூளும் வாயுவும் சேர்ந்து ஊருக்குள் வரும். அந்தக் கரியை வாருகிற தொழிலாளி வெறுங்கையோடு, முகத்தில் துண்டு கட்டிக்கொண்டு நிற்பார். அவர் பெரும்பாலும் வெளிமாநிலத்துத் தம்பியாக இருப்பார், புகார் சொல்லப் போக அவருக்கு இங்கே யாரும் இல்லை. நம் புகாரில் அவரையும் சேர்த்து எழுத வேண்டும் என்று நாங்கள் நினைக்கிறோம்.

வெளிநாட்டில் இருந்து கழிவு டயரை இறக்குமதி செய்து எண்ணெய் எடுப்பதை மத்திய அரசு 2022-இல் தடை செய்துவிட்டது. லாரியில் வரும் டயர்க் கட்டுகள் எங்கிருந்து வருகின்றன என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

புகாரை யாரிடம் கொடுப்பது?

தமிழ்நாட்டுப் பக்கம்: தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கும்மிடிப்பூண்டி மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர். ஆந்திரப் பக்கம்: ஆந்திர மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் திருப்பதி மண்டல அலுவலகம். சூலூர்பேட்டை, தடா முன்பு நெல்லூர் மாவட்டத்திலும் சத்தியவேடு சித்தூர் மாவட்டத்திலும் இருந்தன. 2022 ஏப்ரலில் திருப்பதி மாவட்டம் உருவானபோது மூன்றும் அதற்குள் வந்துவிட்டன. பழைய முகவரிக்கு அனுப்பி, பதில் வரவில்லை என்று காத்திருக்காதீர்கள்.

ஒரே கடிதத்தை இரண்டு அலுவலகத்துக்கும் அனுப்பி, “நகல்: இன்னார்” என்று இரண்டிலும் எழுதுங்கள். இரண்டு மாவட்ட ஆட்சியர்களுக்கும் ஒரு நகல் போகட்டும். ஒருவருக்குப் போனது இன்னொருவருக்குத் தெரிந்தால்தான் தட்டிக்கழிக்க முடியாது. ஆந்திர அலுவலகத்துக்குத் தெலுங்கிலோ ஆங்கிலத்திலோ கொடுப்பது நல்லது. அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் தெலுங்கில் படித்தவர்கள், எழுதித் தருவார்கள்.

புகாரில் என்ன எழுத வேண்டும்? “புகை அதிகமாக இருக்கிறது” என்று எழுதினேன், ஒன்றும் நடக்கவில்லை சார்.

அப்படி எழுதினால் அதிகாரி பகல் 11 மணிக்கு வந்து பார்த்துவிட்டு, “ஆய்வின்போது புகை இல்லை” என்று எழுதிவிட்டுப் போவார். இப்படி எழுதிப் பாருங்கள்:

“எங்கள் கிராமத்தில் இந்தத் தேதி இரவு 11.30 மணி முதல் 2 மணி வரை ரப்பர் எரியும் நாற்றம் இருந்தது. காற்று தெற்கிலிருந்து வீசியது. ஏரிக்கரைக்குத் தெற்கே உள்ள இரண்டு புகைபோக்கிகளில் குட்டையானதில் இருந்து கரும்புகை வந்தது. படம் இணைத்துள்ளோம், அதில் மாரியம்மன் கோயில் கோபுரம் அடையாளமாகத் தெரியும். கடந்த மாதம் இதே நேரத்தில் நடந்த நாட்களின் பட்டியலையும் இணைத்துள்ளோம். இரவு நேர ஆய்வு வேண்டும். ஆய்வறிக்கையின் நகலை எங்களுக்குத் தர வேண்டும்.”

நாள், நேரம், காற்றின் திசை, இடம், அடையாளம், கோரிக்கை. இவை இருந்தால் பதில் எழுதாமல் ஒதுக்கிவைப்பது கஷ்டம். தெருவுக்கு ஒரு நோட்டு போட்டு, இரவில் விழித்திருப்பவர்கள் யாராவது குறித்து வைத்தால் போதும். ஷிஃப்ட் முடிந்து வருபவர்கள், பால் கறக்க எழுபவர்கள், கடலுக்குப் போகிற பழவேற்காட்டு மீனவர்கள் எல்லாம் நல்ல சாட்சிகள். காற்றின் திசையில் மீனவர் சொல்லுக்கு மறுபேச்சே கிடையாது.

அப்புறம், தகவல் அறியும் உரிமைச் சட்டம். 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் தர வேண்டும். ஆலை இயங்க வாரியம் கொடுத்த இசைவாணையின் நகலைக் கேளுங்கள். அதில் என்ன கருவி, எவ்வளவு உயரப் புகைபோக்கி என்று நிபந்தனைகள் வரிசையாக இருக்கும். மாசுத் தடுப்புக் கருவிக்குத் தனி மின்மீட்டர் வைக்க வேண்டும் என்ற நிபந்தனையும் பல ஆலைகளுக்கு இருக்கும். அந்த மீட்டர் கணக்கின் நகலைக் கேட்டு வாங்குங்கள். உலை இரவு முழுக்க ஓடி, விசிறி மட்டும் ஓடாமல் இருந்தால் அந்தத் தாளே காட்டிக்கொடுத்துவிடும்.

புகார் கொடுத்தால் போலீஸ் பிரச்சினை வருமா? பயமாக இருக்கிறது.

2018 மே 22, 23 தேதிகளில் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலை எதிர்ப்புப் போராட்டத்தின்போது 13 பேர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். அதற்குப் பிறகு பயப்படாதீர்கள் என்று யாருக்கும் லேசாகச் சொல்ல எங்களுக்கு மனம் வராது. புகார் கொடுப்பது உங்கள் உரிமை. அதைத் தனியாளாகக் கொடுக்காமல் மகளிர் குழு, மீனவர் பஞ்சாயத்து, பெற்றோர் ஆசிரியர் கழகம் என்று கூட்டாகக் கொடுங்கள். கிராம சபையில் தீர்மானமாகப் போட்டால் இன்னும் பலம். ஆலை வாசலில் ராத்திரி போய் வாக்குவாதம் செய்ய வேண்டாம். கொடுத்த ஒவ்வொரு மனுவுக்கும் முத்திரையோடு ஒப்புகை வாங்கி வையுங்கள்.

ஆலையை மூடிவிட்டால் எங்கள் பிள்ளைகளுக்கு வேலை யார் கொடுப்பார்கள்?

கூட்டத்தில் இந்தக் கேள்வி வந்தால் அறை அமைதியாகிவிடும். கேட்பவரின் வீட்டில் ஒருவர் சிப்காட்டிலோ, ஆந்திரப் பக்கத்து ஸ்ரீசிட்டி தொழில் நகரத்திலோ வேலை பார்ப்பார்.

நாங்கள் மூடச் சொல்வதைவிட, கருவியை ஓட்டச் சொல்கிறோம். இரும்பு உருக்கும் உலையின் மேல் புகையை இழுக்கும் கூடு வைத்து, துணிப்பைகள் தொங்கும் வடிகட்டி வழியாக விட்டால் தூசியில் மிகப் பெரும்பகுதி அங்கேயே நின்றுவிடும். இந்தத் தொழில்நுட்பம் புதிது இல்லை, பெரும்பாலான ஆலைகளில் வாங்கி வைத்தும் இருக்கிறார்கள். அதைப் பராமரிக்க ஆள் வேண்டும், அதுவும் ஒரு வேலைதான். புகையை முதலில் சுவாசிப்பவர் உலைக்குப் பக்கத்தில் நிற்கிற தொழிலாளி. நாற்பது வயதில் நெஞ்சு அடைத்து வீட்டில் உட்கார்ந்துவிட்டால் அவருக்கு அப்புறம் எந்த ஆலையிலும் வேலை இல்லை.

எந்த நிபந்தனையையும் ஏற்காத, அனுமதியே இல்லாத ஆலை என்றால், ஆமாம், அதை மூடத்தான் வேண்டும். அதில் எங்களுக்குத் தயக்கம் இல்லை.

பக்கத்து மாநிலத்தில் எல்லையை ஒட்டிப் புதிய ஆலை வருகிறதாம். நாங்கள் ஏதாவது செய்ய முடியுமா?

முடியும். எல்லையோர மக்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய விதி ஒன்று இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் ‘பொது நிபந்தனை’ என்று ஒன்று உண்டு. அது பொருந்தும் தொழில்களில், மாநில அளவிலேயே அனுமதி பெறக்கூடிய திட்டமாக இருந்தாலும், மாநில எல்லையில் இருந்து 5 கிலோமீட்டருக்குள் வந்தால் மத்திய அரசுதான் பரிசீலிக்க வேண்டும். முதலில் 10 கிலோமீட்டராக இருந்ததை 2014-இல் 5 ஆகக் குறைத்தார்கள். இரண்டு மாநிலங்களும் தங்களுக்குள் ஒப்பந்தம் செய்துகொண்டால் இதையும் தளர்த்தலாம் என்று ஒரு வாசல் வைத்திருக்கிறார்கள். அதனால் அப்படி ஒரு ஒப்பந்தம் இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டு வாங்குங்கள். பறவைகள் சரணாலயம் போன்ற பாதுகாக்கப்பட்ட பகுதிக்கும் இதே தூர விதி உண்டு. பழவேற்காடு ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில் இருந்தாலும் இரண்டு பக்கமும் சரணாலயம் அறிவிக்கப்பட்டிருக்கிறது. அதையும் அளந்து பாருங்கள்.

அடுத்தது கருத்துக் கேட்புக் கூட்டம். குறைந்தது 30 நாள் முன்னதாகப் பத்திரிகையில் அறிவிப்பு வர வேண்டும், அதில் ஒன்று உள்ளூர் மொழிப் பத்திரிகையாக இருக்க வேண்டும். அறிக்கையின் சுருக்கம் உள்ளூர் மொழியில் கிடைக்க வேண்டும். பேசியது வீடியோவில் பதிவாக வேண்டும், முடிவில் கூட்டக் குறிப்பை எல்லோருக்கும் கேட்கும்படி வாசிக்க வேண்டும். சத்தியவேடு பக்கம் கூட்டம் நடந்தால் எல்லாம் தெலுங்கில் இருக்கும். தமிழில் பேசுங்கள், தமிழில் பேசியதைக் குறிப்பில் சரியாக ஏற்றினார்களா என்று வாசிக்கும்போது நின்று கவனியுங்கள். சாப்பாட்டுப் பொட்டலத்தோடு பாதியில் கிளம்பிவிட வேண்டாம்.

2006-க்கு முன்பே அறிவிக்கப்பட்ட தொழிற்பேட்டைக்குள் வரும் ஆலைகளுக்கு இந்தக் கூட்டத்தில் இருந்து விலக்குப் பெற வழி இருக்கிறது. பழைய சிப்காட்டுக்குள் புதிய உலை சத்தமில்லாமல் முளைப்பதற்கு இது ஒரு காரணம். இந்த விலக்கை நீக்க வேண்டும் என்று நாங்கள் கேட்டுவருகிறோம்.

பசுமைத் தீர்ப்பாயத்துக்கு வக்கீல் இல்லாமல் போகலாமா?

போகலாம், பாதிக்கப்பட்டவர் நேரடியாகவே மனு போடலாம். இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். பிரச்சினை முதலில் எழுந்த நாளில் இருந்து 6 மாதத்துக்குள் போட வேண்டும், தக்க காரணம் இருந்தால் இன்னும் 60 நாள் தருவார்கள். இழப்பீட்டு மனுவுக்கு 5 வருடம் வரை அவகாசம். புதிய ஆலைக்குக் கொடுத்த சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்ப்பதாக இருந்தால் 30 நாள்தான், தக்க காரணம் இருந்தால் மட்டும் இன்னும் 60 நாள் வரை தருவார்கள். இந்த 30 நாளை நிறைய ஊர்கள் தவறவிட்டிருக்கின்றன.

தமிழ்நாட்டு வாரியத்தையும் ஆந்திர வாரியத்தையும் ஒரே மனுவில் எதிர்மனுதாரர்களாகச் சேர்க்கலாம். எல்லைப் பிரச்சினைக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. சூலூர்பேட்டையில் லோக்கல் ரயில் ஏறினால் சென்னை வந்துவிடலாம். மனு ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் சிரமம், சட்டக் கல்லூரி மாணவர்களிடம் உதவி கேளுங்கள்.

அனல்மின் நிலையப் புகைக்கு என்ன விதி? அதை யாருமே கேட்பதில்லையே.

எண்ணூர், அத்திப்பட்டு, வல்லூர் வட்டாரத்தில் இப்போது இருக்கும் அனல்மின் திறனைக் கூட்டினால், வட சென்னை முதல் நிலை 630 மெகாவாட், இரண்டாம் நிலை 1,200, வல்லூர் 1,500, 2024 மார்ச்சில் திறந்த மூன்றாம் நிலை 800. மொத்தம் 4,130 மெகாவாட். பழைய எண்ணூர் நிலையம் 2017-இல் மூடப்பட்டது. வடக்கே நெல்லூர் மாவட்டம் கிருஷ்ணப்பட்டினத்தில் இன்னும் சில அனல்மின் நிலையங்கள் இருக்கின்றன. நாம் இரண்டுக்கும் நடுவில்.

ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 700 கிராம் நிலக்கரி எரிகிறது. நம் நாட்டு நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சாம்பல். புகைபோக்கிக்குப் போகும் சாம்பலில் பெரும்பகுதியை, மின்புலத்தால் துகளை இழுக்கும் இ.எஸ்.பி. கருவி பிடித்துவிடும். பிடித்த சாம்பலைக் கரைத்துக் குழாயில் குளத்துக்கு அனுப்பும்போது குழாய் உடைந்தால், கொசஸ்தலை ஆற்றில் கலக்கும். சாம்பல் குளத்தை ஒட்டியிருக்கும் செப்பாக்கம் மக்கள் படும் பாட்டைப் போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

கந்தக டை ஆக்சைடு வேறு கதை. இது வாயு, சாம்பல் பிடிக்கும் கருவியில் நிற்காது. காற்றில் கலந்து போகப்போக நுண்துகளாக மாறி, புகைபோக்கியில் இருந்து வெகுதூரம் போகும். இதைப் பிடிக்கத்தான் சுண்ணாம்புக் கல் கரைசலில் புகையைக் கழுவுகிற எஃப்.ஜி.டி. கருவி. 2015 டிசம்பரில் மத்திய அரசு வரம்பு நிர்ணயித்து, இரண்டு வருடத்தில் செய்து முடிக்கச் சொன்னது. அதற்குப் பிறகு கெடுவைத் தள்ளித் தள்ளி வைத்தார்கள். கடைசியில் 2025 ஜூலையில், நாட்டின் பெரும்பாலான அனல்மின் நிலையங்களுக்கு இந்தக் கருவியே வேண்டாம் என்று விலக்குக் கொடுத்துவிட்டார்கள். தில்லி தலைநகர் வட்டாரத்தில் இருந்தோ, 10 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்களில் இருந்தோ 10 கிலோமீட்டருக்குள் இருக்கும் நிலையங்கள் மட்டும் 2027 டிசம்பர் 30-க்குள் கட்டாயம் வைக்க வேண்டும். கடும் மாசுப் பகுதிகளையும், காற்றுத் தர வரம்பை எட்டாத நகரங்களையும் ஒட்டியவை பற்றி ஒவ்வொன்றாக முடிவு செய்வார்கள்.

இந்த முடிவு தவறு என்பதே எங்கள் நிலை. நகரத்தில் இருந்து 10 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறவருக்கும் நுரையீரல் ஒன்றுதான். நம் பக்கத்து நிலையங்கள் ஒவ்வொன்றும் எந்தப் பிரிவில் வருகின்றன, கருவி வேலை எந்த அளவில் நிற்கிறது என்று தகவல் சட்டத்தில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

நிலக்கரி வேண்டாம் என்றால் கரண்ட் எங்கிருந்து வரும்? 8 மணி நேரம் மின்வெட்டு இருந்த காலத்தை மறந்துவிட்டீர்களா?

மறக்கவில்லை. நாளைக்கே எல்லாவற்றையும் அணைக்கச் சொல்லவும் இல்லை. 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் உச்சத் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. காற்றாலையும் சூரிய மின்சாரமும் தமிழ்நாட்டில் இப்போது தனித்தனியாக 10,000 மெகாவாட்டுக்கு மேல் நிறுவப்பட்டிருக்கின்றன. காற்றாலை மே முதல் செப்டம்பர் வரைதான் நன்றாகச் சுற்றும், சூரியன் பகலில்தான். இடறுவது சாயந்திரம் 6 மணிக்கு மேல்தான்.

அதற்குப் பகல் மின்சாரத்தைச் சேமிக்க வேண்டும். பகலில் தண்ணீரை மேலே ஏற்றி, இரவில் இறக்கி மின்சாரம் எடுக்கும் 400 மெகாவாட் நிலையம் கடம்பாறையில் பல வருடமாக இருக்கிறது. குந்தாவில் 500 மெகாவாட்டுக்கு வேலை நடக்கிறது. ஆந்திராவில் பின்னாபுரத்தில் இதைவிடப் பெரியது வந்திருக்கிறது. பேட்டரியும் சேர்ந்துகொண்டு வருகிறது. புதிய நிலக்கரி நிலையத்துக்குப் போடும் பணத்தை இந்தச் சேமிப்பிலும் மின்பாதையிலும் போடுங்கள் என்கிறோம். பழைய நிலையங்களில் அதிகம் புகைவிடுவதை முதலில் நிறுத்துங்கள், காற்றாலை சீசனில் மற்றவற்றைக் குறைத்து ஓட்டுங்கள் என்கிறோம்.

வீட்டு மாடியில் சோலார் போட்டால் லாபமா அக்கா?

உங்கள் மின் கட்டணத்தைப் பொறுத்தது. பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 அல்லது அதற்கு மேல் 78,000 ரூபாய் மானியம். தமிழ்நாட்டுக்கும் ஆந்திராவுக்கும் ஒரே தேசிய இணையதளத்தில்தான் விண்ணப்பம். 1 கிலோவாட்டுக்கு மாடியில் சுமார் 100 சதுர அடி நிழலில்லாத இடம் வேண்டும், நாளுக்குச் சராசரியாக 4 யூனிட் வரும். நிலக்கரிக் கணக்கில் வருடத்துக்கு ஏறக்குறைய ஒரு டன் மிச்சம்.

தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். 200 யூனிட்டுக்குள் முடிக்கிற வீட்டுக்கு அவசரமே இல்லை, கடன் வாங்கிப் போட வேண்டாம். 500 யூனிட்டைத் தாண்டுகிற வீட்டுக்குக் கட்டாயம் பலன் உண்டு. நம் பக்கம் உப்புக் காற்று, புயல் இரண்டும் இருப்பதால் துத்தநாகப் பூச்சுள்ள தாங்கி, நல்ல நங்கூர போல்ட் கேளுங்கள். சிப்காட், அனல்மின் நிலையம் அருகில் இருப்பவர்கள் வாரம் ஒருமுறை தகட்டைக் கழுவுங்கள், தூசி படிந்தால் மின்சாரம் குறையும்.

ஓட்டு வீட்டிலும் கூரை வீட்டிலும் இருப்பவர்களுக்கு இதனால் ஒன்றும் கிடைப்பதில்லை. பள்ளி, பஞ்சாயத்து அலுவலகம், மீன் ஏலக்கூடம் மேல் பொதுவாகப் போட வேண்டும் என்று கேளுங்கள்.

மேய்க்கால் புறம்போக்கில் சோலார் பூங்கா போடலாமா?

கூடாது. ஏரி, மேய்ச்சல் நிலம், பூநாரை வரும் சேற்றுப் பரப்பு எதிலும் கூடாது. தொழிற்பேட்டைக் கூரைகள் ஏக்கர் கணக்கில் சும்மா வெயிலில் காய்கின்றன, முதலில் அங்கே போடட்டும். பழுதான தகடுகளும் 2022 மின்னணுக் கழிவு விதிகளுக்குள் வருகின்றன, பழைய இரும்புக் கடையில் போடாதீர்கள்.

போகிக்கும், ஊர்க் குப்பையை எரிப்பதற்கும் என்ன விதி?

டயரும் பிளாஸ்டிக்கும் கொளுத்த வேண்டாம். திறந்த வெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய், பெரிய அளவில் என்றால் 25,000 ரூபாய் அபராதம் என்று பசுமைத் தீர்ப்பாயம் 2016-லேயே உத்தரவு போட்டிருக்கிறது. ஏரிக்கரையில் பஞ்சாயத்தே குப்பையை எரித்தாலும் இந்த உத்தரவு பொருந்தும்.

குழந்தைக்கு அடிக்கடி வீசிங். புகை நாட்களில் என்ன செய்வது?

நாற்றம் இருக்கும் நேரத்தில் வெளியே ஓடி விளையாட விடாதீர்கள். சன்னலைச் சாத்தி, வெயில் ஏறியபின் திறங்கள். துணி முகக்கவசம் பயன்படாது. என்-95 துகளைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. வீட்டுக்குள் கொசுவத்தி, விறகு அடுப்பு இருந்தால் அதுவும் சேர்ந்துகொள்ளும்.

இன்ஹேலருக்குப் பயப்பட வேண்டாம். ‘பழகிவிடும்’ என்று பக்கத்து வீட்டில் சொல்வதைக் கேட்டுப் பாதியில் நிறுத்துவதுதான் ஆபத்து. மருத்துவர் சொன்ன அளவில், இன்ஹேலரில் பொருத்தும் ஸ்பேசர் குழாய் வைத்துக் கொடுங்கள். ஒரு இன்ஹேலரைப் பள்ளிப் பையிலும் வைத்து, வகுப்பு ஆசிரியரிடம் சொல்லி வையுங்கள். எந்தெந்த நாளில் மூச்சு இழுத்தது என்று புகை நோட்டிலேயே குறியுங்கள், மருத்துவருக்கும் உதவும், மனுவுக்கும் உதவும். மூச்சை உள்ளே இழுக்கும்போது விலாவுக்கு நடுவே தோல் குழிந்தாலோ, பேச முடியாமல் திணறினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். எல்லைக்கு இரண்டு பக்கமும் அதே எண்தான்.